அப்பாவின் வேட்டி, அம்மாவின் புடவை: குயில்ட் தைக்க வெட்டலாமா? (படூகா, ஜீஸ் பெண்ட் போய் வந்த கதையும்)

நூல்கண்டு
வெள்ளி, இரவு 9.12

அமெரிக்காவில் குயில்ட்டுக்குப் பேர்போன படூகாவும் ஜீஸ் பெண்டும் போய் வந்தாயிற்று. படம் கேட்டவர்களுக்குத் தனியாகப் போடுகிறேன். இங்கே எழுத வந்தது வேறு விஷயம். அப்பாவின் வேட்டி சட்டைகளும் அம்மாவின் பழைய பருத்திப் புடவைகளும் ஒரு பெட்டி நிறைய என்னிடம் இருக்கின்றன. அம்மாவே எடுத்துக் கொடுத்ததுதான். அப்பா போனபின் அதை யாரும் திறக்கவில்லை. அதில் ஒரு குயில்ட் (துண்டுத் துணிகளைச் சேர்த்து, அடுக்காகத் தைக்கும் போர்வை) தைக்கலாமா, தைத்தால் எப்படி என்பதுதான் கேள்வி.

நாஷ்வில்லில் இருப்பதால் படூகா எங்களுக்குப் பக்கம், காரில் இரண்டு மணி நேரம். கென்டக்கியில் ஒஹையோ ஆறும் டென்னஸி ஆறும் சேரும் இடத்தில் இருக்கிற சின்ன ஊர். 1991இல் குயில்ட்டுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் அங்கே திறந்தார்கள். இப்போது அதுதான் தேசிய குயில்ட் அருங்காட்சியகம். ஏப்ரலில் குயில்ட் வாரம் நடக்கும்போது ஊரில் தங்க அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. கண்காட்சியில் நாம் எதையும் தொடக்கூடாது. வெள்ளைக் கையுறை போட்ட தன்னார்வலர்கள் நிற்பார்கள், கேட்டால் ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கத் தையலைக் காட்டுவார்கள். பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே இருக்கிறது! பார்த்துவிட்டு வெளியே வந்தபோது வியப்பும் இருந்தது, இனி நாம் ஊசியைத் தொடுவானேன் என்ற அலுப்பும் இருந்தது. வழக்கம்போல் துணிக்கடைக்குப் போய்ப் பணத்தைக் கொட்டிவிட்டு வந்தேன்.

ஜீஸ் பெண்ட் வேறு உலகம். அலபாமாவில் ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த இடம். வரைபடத்தில் பாய்கின் என்று இருக்கும். செல்மா வழியாகப் போனோம். கேம்டன் பக்கத்திலிருந்து படகில் காரோடு ஏறி அக்கரை போகலாம். அந்தப் படகு 1962இல் நின்றுபோனது. ஜீஸ் பெண்டின் கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிவு செய்யக் கேம்டனுக்கு வரத் தொடங்கிய காலம் அது. மறுபடி ஓடத் தொடங்கியது 2006இல்தான். நடுவில் நாற்பது வருஷத்துக்கு மேல் சாலையில் ஒரு மணி நேரம் சுற்றித்தான் போயிருக்கிறார்கள். இப்போது ஓடுவது மின்சாரப் படகு.

அங்கே பார்த்த குயில்ட்டுகளில் கோடு நேராக இல்லை. கட்டங்கள் ஒரு பக்கம் சரிகின்றன. பழைய ஜீன்ஸில் பாக்கெட்டைப் பிரித்த தழும்பு அப்படியே தெரிகிறது, சுற்றிலும் துணி வெளுத்து நடுவில் மட்டும் கருநீலம். மிசௌரி பெட்வே என்ற பெண்மணி 1942இல் கணவர் இறந்தபின் அவருடைய வேலை உடுப்புகளைப் பிரித்து ஒரு குயில்ட் தைத்தார். அதைப் பற்றிப் படித்ததிலிருந்து பெட்டி ஞாபகமாகவே இருக்கிறது.

ஆகவே சொல்லுங்கள். பழந்துணி தாங்குமா? வேட்டியையும் புடவையையும் ஒன்றாகத் தைக்கலாமா?

---

திருவையாறு மாமி
சனி, காலை 6.30

பருத்தி என்றால் தாராளமாக வெட்டலாம் குழந்தை. பட்டை மட்டும் தொடாதே. கூறைப்புடவையை வெட்டி மெத்தை உறை தைத்தவர்களை எனக்குத் தெரியும், அவர்களோடு அப்புறம் நான் பேசவே இல்லை.

எங்கள் வீட்டில் பாட்டி பழம்புடவையை நாலாக மடித்து ஓட்டுத்தையல் போட்டுக் குழந்தைக்கு விரிப்பாகத் தைப்பாள். தூளிக்கு ஒரு புடவை, கீழே விரிக்க ஒன்று. அதற்கு யாரும் பேர் வைக்கவில்லை, கண்காட்சியும் வைக்கவில்லை. பத்து தடவை துவைத்தால்தான் அது குழந்தை உடம்புக்கு ஆகும்.

சரிகைக் கரை இருந்தால் கத்தரித்து எடுத்துவிடு. சரிகை துவைக்கத் துவைக்கப் பிரிந்து முள்ளாக நிற்கும். பக்கத்துத் துணியையும் அறுக்கும். சாயம் போகாமலிருக்க முதலில் கல்லுப்புத் தண்ணீரில் ஊறவை.

---

கேள்விக்குறி
சனி, காலை 10.05

ஜீஸ் பெண்ட் பற்றி யார் எழுதினாலும் இந்தத் தொனி வந்துவிடுகிறது. கோணல் அழகு, பழைய ஜீன்ஸ் அழகு. அந்தப் பெண்கள் அழகுக்காகப் பழந்துணியை எடுக்கவில்லை. வேறு துணி இல்லை. பலகை வீட்டுச் சுவரில் குளிர் நுழையாமல் செய்தித்தாள் ஒட்டி வாழ்ந்தவர்கள். 1932இல், கடன் கொடுத்த வணிகர் இறந்தபின் அவர் குடும்பம் வண்டி கட்டிக்கொண்டு வந்து மாடு, கருவி, தானியம் எல்லாவற்றையும் எடுத்துப் போனது. அந்தக் குளிர்காலத்தை எப்படிக் கடந்தார்கள் என்று படித்துப் பாருங்கள். கிழிந்த குயில்ட்டைக்கூட வீணாக்கவில்லை, கொசு விரட்டக் கொளுத்தினார்கள்.

2002இல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் கண்காட்சி வைத்தபின் உலகமே கொண்டாடியது. 2006இல் அஞ்சல் தலையும் வந்தது. 2007இல் விற்ற பணத்தில் எங்களுக்குரிய பங்கு வரவில்லை என்று சில பெண்கள் வழக்குப் போட வேண்டி வந்தது. மறு வருஷம் சமரசமானது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் பயணக் கதை முழுசாகும்.

கடையில் நல்ல துணி வாங்கித் தைப்பதில் ஒரு குற்றமும் இல்லை. காசு இருக்கிறது, வாங்குகிறோம். அதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும்?

---

நூல்கண்டு
சனி, இரவு 8.47

கேள்விக்குறி, வழக்கு விஷயத்தைச் சேர்த்தது நல்லது. வறுமை பற்றிச் சொன்னதிலும் மறுப்பு இல்லை. ஆனால் ஒன்று. துணி இல்லாததால் பழந்துணி எடுத்தார்கள் என்பது சரி. அதை எப்படி அடுக்குவது என்பதில் இருந்த தேர்வு வறுமையால் வந்ததில்லை. 1966இல் அங்கே ஃப்ரீடம் குயில்டிங் பீ என்று ஒரு கூட்டுறவு தொடங்கியது. 1972இல் சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனத்துக்குக் கார்டுராய் (வரிவரியாக மேடு தெரியும் கெட்டித் துணி) தலையணை உறை தைக்க ஒப்பந்தம் கிடைத்தது. மிஞ்சிய வெட்டுத்துணியை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். எல்லாருக்கும் அதே கார்டுராய், அதே கடுகு மஞ்சள், அதே பாசிப்பச்சை. அப்படியும் ஒருவர் தைத்தது மாதிரி இன்னொருவர் தைத்தது இல்லை. எல்லாருக்கும் ஒரே துணிதான் என்றால் அந்த வித்தியாசம் தைத்தவர் கண்ணிலிருந்துதானே வர வேண்டும்?

கடைத்துணி வாங்குவதில் எனக்கும் வெட்கமில்லை. எனக்கு அலுத்தது தொகுப்புப் பெட்டி. இரண்டரை அங்குலப் பட்டைகள் நாற்பது, வெட்டி, நிறம் சேர்த்து, சுருட்டி விற்கிறார்கள். பத்து அங்குலச் சதுரம் என்றால் அதுவும் வெட்டியே வருகிறது. நிறம் சேர்ப்பதுதான் இந்த வேலையில் ருசியான பகுதி. அதை அவர்கள் செய்துவிட்டால் நான் மிஷின் ஓட்டுகிற ஆள், அவ்வளவுதான்.

மாமி, பெட்டியில் பட்டு இல்லை. எல்லாம் கோ-ஆப்டெக்ஸ் பருத்தி, இரண்டு சுங்குடி, ஒரு செட்டிநாட்டுக் கட்டம்.

---

தார்வாட் தமிழச்சி
சனி, இரவு 11.20

அக்கா, அலபாமா வரை போனீர்கள், எங்கள் பக்கத்து எல்லாபூருக்கு ஒருமுறை வாருங்கள். உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாபூர், ஹளியாள், முண்டகோடு வட்டாரத்துக் காடுகளில் சித்தி பழங்குடியினர் இருக்கிறார்கள். ஆப்பிரிக்க வம்சாவளி. நூற்றாண்டுகளுக்கு முன் அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் மேற்குக் கடற்கரைக்கு வந்தவர்களின் சந்ததி. அவர்கள் தைப்பது கவந்தி.

நம் ஆட்கள் குயில்ட் தைக்கும் முறைக்கு இது நேர்மாறு. முதலில் கட்டம் கட்டமாகச் சேர்த்து மேல்துணி, அப்புறம் நடுப்பஞ்சு, அப்புறம் அடித்துணி என்ற வரிசையே கிடையாது. ஒரு பழைய பருத்திப் புடவையைத் தரையில் விரிக்கிறார்கள். ஒரு மூலையில் ஆரம்பித்து, ஒட்டுத்துணியின் விளிம்பை ஊசியாலேயே உள்ளே மடித்து, ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே ஓரத்தைச் சுற்றி வருகிறார்கள். சுற்று சுருங்கிச் சுருங்கி நடுவில் வந்து முடியும். ஒட்டுவதும் அடுக்குகளைப் பிணைப்பதும் ஒரே தையல்தான். சட்டகம் கிடையாது, மிஷின் கிடையாது, அளவுகோல் கிடையாது.

முடிந்ததும் நாலு மூலையிலும் சின்னத் துணியை முக்கோணமாக மடித்து வைத்துத் தைப்பார்கள். பூ என்று அதற்குப் பெயர். பூ இல்லாத கவந்தி உடுப்பில்லாத மாதிரி என்று அவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. நான் பார்த்தவற்றில் குழந்தைக்குத் தைத்த சின்னவைதான் எனக்குப் பிடித்தது. நிறமெல்லாம் அப்படி ஒரு துணிச்சல்.

உங்கள் பெட்டிக்கு இந்த முறைதான் பொருந்தும் என்பது என் எண்ணம். புடவை மெல்லிசு. மிஷினில் ஓரத்திலிருந்து கால் அங்குலம் மட்டும் விட்டுத் தைத்தால் ஓரம் பிரிந்து வந்துவிடும். கவந்தியில் ஒவ்வொரு துண்டும் முழுவதும் தையலால் பிடிக்கப்படுகிறது, நைந்த துணியும் தாங்கும்.

---

புதுஊசி
ஞாயிறு, காலை 9.15

எல்லாரும் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள். நான் மதுரை, வீட்டில் கறுப்பு உஷா கால்மிஷின் இருக்கிறது. ஜாக்கெட் தைப்பேன், ஃபால்ஸ் அடிப்பேன். குயில்ட் தைக்க இது போதுமா? அப்புறம் நடுவில் வைக்க இலவம்பஞ்சு வைக்கலாமா? தலையணைக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறது.

---

கோவை வித்யா
ஞாயிறு, மதியம் 1.40

புதுஊசி, மிஷின் தாராளமாகப் போதும். நேர்த்தையலுக்குக் கறுப்பு மிஷினை அடிக்க ஆளில்லை. இலவம்பஞ்சு வேண்டாம். அது இழையாகப் பிணையாது, ஒருமுறை துவைத்தால் ஒரு மூலையில் உருண்டு திரண்டுவிடும். நம் வெயிலுக்கு நடுவில் பஞ்சே தேவையில்லை. பழைய பருத்திப் புடவை இரண்டு மடிப்பு, இல்லாவிட்டால் ஃபிளானல் துணி. ஊட்டி, கொடைக்கானலில் இருந்தால் மட்டும் பருத்திப் பஞ்சு விரிப்பு தேடுங்கள்.

ஜாக்கெட் தைக்கிறவர்கள் முதலில் பழக வேண்டியது துணி ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் தைப்பது. நாம் பிரித்துக் கொள்ள வசதியாக உள்ளே நிறையத் துணி விட்டே பழகியவர்கள். குயில்ட்டில் கால் அங்குலம் என்றால் கால் அங்குலம்தான். கணக்கைப் பாருங்கள். ஒரு தையலில் இரண்டு துண்டு சேர்கிறது. துண்டுக்கு 1/16 அங்குலம் கூடப் பிடித்தால் தையலுக்கு 1/8 போகும். பதினாறு தையல் உள்ள வரிசையில் இரண்டு அங்குலம் காணாமல் போய்விடும், அடுத்த வரிசையோடு சேராது. ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து மிஷின் தட்டில் நாலைந்து அடுக்கு டேப் ஒட்டிவிடுங்கள், துணி அதில் இடித்துக்கொண்டே போகும்.

அடுக்குகளைச் சேர்க்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குச் சேஃப்டி பின் குத்துங்கள், உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று. சாதாரணப் பாதம் மேல்துணியைத் தள்ளிக்கொண்டு போகும், சுருக்கம் விழும். வாக்கிங் ஃபுட் (மேல்துணியையும் கீழ்த்துணியையும் சேர்த்தே நகர்த்தும் பாதம்) கிடைத்தால் போடுங்கள். கிடைக்காவிட்டால் அந்தத் தையலைக் கையாலேயே போடலாம்.

நூல்கண்டு அக்காவுக்கு: துணியைப் பிரிப்பதுதான் முதல் வேலை. அப்பா சட்டைகள் எல்லாம் பருத்தி என்று நம்பாதீர்கள். அந்தத் தலைமுறை டெரிகாட்டன் தலைமுறை. உள்மடிப்பிலிருந்து நாலு இழை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கெட்டியாக மணி மாதிரி நிற்கும். அந்தச் சட்டையைத் தள்ள வேண்டியதில்லை, இஸ்திரிச் சூட்டை மட்டும் குறையுங்கள். அடுத்தது, புடவையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இரண்டு கையாலும் இழுங்கள். சரசரவென்று இழை விலகினால் அது மேல்துணிக்கு ஆகாது, நடு அடுக்குக்குப் போகட்டும். முந்தானை, மடிப்புக் கொசுவம் வருகிற இடம் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். உட்காரும் இடம்தான் முதலில் நையும். வெட்டுமுன் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால் மெல்லிய புடவையும் வழுக்காமல் நிற்கும்.

மாமி கோபிக்கக் கூடாது. கல்லுப்புத் தண்ணீர் ஏற்கெனவே ஏற்றிய சாயத்தைக் கெட்டிப்படுத்தாது. சாயம் ஏற்றும்போதுதான் உப்புக்கு வேலை. சுங்குடியைத் தனியாகத் துவைத்துத் துவைத்து, தண்ணீர் தெளியும்வரை பார்த்துவிட்டுத்தான் வெள்ளை வேட்டி பக்கத்தில் வைக்க வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்துச் சூடாக இஸ்திரி போட்டுப் பாருங்கள், நிறம் ஒட்டினால் இன்னும் சாயம் மிச்சம் இருக்கிறது.

---

திருவையாறு மாமி
ஞாயிறு, மாலை 4.02

கோபம் எல்லாம் இல்லை. ஐம்பது வருஷமாக உப்புப் போடுகிறேன், இனியும் போடுவேன்.

---

பனியன் தம்பி
ஞாயிறு, இரவு 10.30

திருப்பூரிலிருந்து ஒரு வார்த்தை. இங்கே பனியன் வேஸ்ட் கிலோக்கணக்கில் கிடைக்கும், அதில் குயில்ட் தைக்கலாம் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அப்படியே தைத்தால் இழுத்துக்கொண்டு அலை அலையாக வரும். பின்னலாடைத் துணி நீளும், நெய்த துணி நீளாது, இரண்டையும் சேர்த்தால் சண்டைதான். சூடு வைத்தால் ஒட்டுகிற கேன்வாஸ் பின்னால் ஒட்டிவிட்டு வெட்டினால் பிரச்சினை இல்லை. டிசைன் போட்ட டீ-ஷர்ட்டைக் குயில்ட் ஆக்குகிறவர்கள் செய்வது இதுதான். அப்பாவின் பனியனும் பெட்டியில் இருக்கிறதா அக்கா?

---

நூல்கண்டு
திங்கள், காலை 7.50

பனியன் இல்லை தம்பி, அதெல்லாம் அப்போதே வண்டி துடைக்கப் போய்விட்டது.

வித்யா, கொளுத்திப் பார்த்தேன். சட்டைகளில் பாதிக்கு மேல் டெரிகாட்டன். அலுவலகத்துக்குப் போட்டதெல்லாம் அது. தோட்டத்துக்குப் போட்ட பழையவைதான் பருத்தி. புடவைகள் நீங்கள் சொன்னபடியே, கொசுவம் திடமாக இருக்கிறது, நடுவில் ஒளி தெரிகிறது.

தார்வாட் தமிழச்சி, எல்லாபூர் பட்டியலில் ஏறிவிட்டது. டிசம்பரில் ஊருக்கு வரும்போது ஹூப்ளி வரை ரயில், அங்கிருந்து பஸ் என்று நினைக்கிறேன். அங்கே போய் வாங்கலாமா, வாங்கினால் நேரே தைத்தவர் கையில் காசு போகுமா?

---

தார்வாட் தமிழச்சி
திங்கள், காலை 9.30

வீட்டுக்கே போய் வாங்கலாம் அக்கா, ஆனால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். பெரியதற்கு மாதக்கணக்கில் ஆகும், போனவுடன் எடுத்துக் கொடுக்க அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள். பேரம் பேசாதீர்கள். ஹூப்ளியிலிருந்து எல்லாபூருக்குப் பஸ் நிறைய உண்டு.

---

கேள்விக்குறி
திங்கள், காலை 11.10

அந்தப் பேரம் பேசாதீர்கள் என்பதை இந்த உரையாடலுக்குத் தலைப்பாகவே வைக்கலாம்.

நூல்கண்டு, பயணத்தில் கையில் என்ன வேலை எடுத்துப் போகிறீர்கள்? விமானத்தில் ஊசி விடுகிறார்களா?

---

நூல்கண்டு
திங்கள், இரவு 9.05

அமெரிக்காவுக்குள் ஊசி பிரச்சினை இல்லை. திருகிலிருந்து நாலு அங்குலத்துக்குக் குறைவான கத்தரிக்கோலும் விடுவார்கள். துணி வெட்டும் வட்டக்கத்தி மட்டும் கைப்பையில் கூடாது, பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டும். இந்தியாவிலிருந்து திரும்பும்போது நான் கத்தரி எதையுமே கைப்பையில் வைப்பதில்லை, வாக்குவாதம் எதற்கு.

கையில் எடுத்துப் போவது அறுகோணம். ஒரு அங்குலப் பக்கம் உள்ள அறுகோணமாகக் கெட்டிக் காகிதத்தை வெட்டி, துணியை அதன்மேல் மடித்து டாக்கா (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போட்டு, ஓரத்தோடு ஓரம் மெல்லிசாகச் சேர்ப்பது. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, ஒரு பூ வந்துவிடும். எல்லாம் ஒரு மிட்டாய் டப்பாவுக்குள் அடங்கும். பக்கத்து இருக்கைக்காரர்கள் பேசவும் ஆரம்பித்துவிடுவார்கள், அது நல்லதா கெட்டதா என்பது அவரவரைப் பொறுத்தது.

காரில் போனால் சிங்கர் 221 தையல் மிஷின். 1933இல் வந்த மாடல், உடல் அலுமினியம், எடை ஐந்து கிலோதான், கறுப்புப் பெட்டியில் கைப்பிடியோடு. நேர்த்தையல் மட்டும் போடும். ஜீஸ் பெண்ட் போன வழியில் விடுதி மேஜையிலேயே ஓட்டினேன்.

சரி, பெட்டிக்கு முடிவு இதுதான். புடவைக்குத் தார்வாட் தமிழச்சி சொன்ன முறை, கையாலேயே. நைந்த பகுதி நடு அடுக்கு. அப்பாவின் வேட்டியை வெட்டப் போவதில்லை. எட்டு முழ வேட்டி, நான்கு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஐம்பது அங்குல அகலம். இரண்டாக மடித்தால் அப்படியே அடித்துணியாகிவிடுகிறது. பச்சைக் கரை ஓரத்தில் தெரியட்டும். தோட்டத்துச் சட்டைகள் மேலே, பாக்கெட்டோடு. டெரிகாட்டன் சட்டைகளை என் தம்பி கேட்கிறான், அவனுக்கே அனுப்பிவிடுகிறேன்.

---

திருவையாறு மாமி
செவ்வாய், காலை 6.15

வேட்டியை வெட்டாமல் வைத்தது எனக்குத் திருப்தி. மடிப்பு வருகிற பக்கத்தைத் தலைமாட்டுக்கு வை, அந்தப் பக்கம்தான் கை பிடித்து இழுக்கும், மடிப்பு இருந்தால் கிழியாது.

---

புதுஊசி
செவ்வாய், மாலை 5.30

டேப் ஒட்டித் தைத்தேன் வித்யா அக்கா, ஒன்பது கட்டம் சேர்ந்துவிட்டது! ஆனால் ஒரு சந்தேகம். தையலை இஸ்திரி போடும்போது மடிப்பை இரண்டு பக்கமும் விரிப்பதா, ஒரு பக்கமாகச் சாய்ப்பதா?

---

கோவை வித்யா
செவ்வாய், இரவு 8.20

ஒரு பக்கமாகச் சாய்த்துவிடு. முதல் வரிசையை வலப்பக்கம், அடுத்த வரிசையை இடப்பக்கம். இரண்டு வரிசையையும் சேர்க்கும்போது மடிப்பு ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு மூலை சரியாக வந்து உட்காரும். இஸ்திரியை இழுக்காதே, வைத்து எடு. இழுத்தால் கட்டம் கோணிவிடும்.